குறி ஒன்றா, பலவா?

தமிழில் ‘குறி’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். அடையாளமும் குறி, நோக்கமும் குறி. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடமும் குறி. பகற்குறி, இரவுக்குறி என அதனைப் பிரித்துரைப்பர். வில்லாளன் எய்யும் இலக்கையும் குறி என்கிறோம். அவ்விலக்கைச் சரியாகக் காண்பதற்கென்று கருவியிலேயே பொருத்திக்கொள்ளும் சிறு அடையாளமும் குறிதான். கடைசியிற் சொன்ன இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியதே இக்கட்டுரை.

கேள்வி எழுந்த இடம் பிரிஞ்சாங். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இச்சிற்றூரைத் தமிழ்மக்கள் நன்கறிவர். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதியது 1885-இல். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அதன் பின்னர்த் தமிழ்த் தொழிலாளர் இம்மலைச் சரிவுகளைத் தேயிலைப் பச்சையாக்கினர். பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ் தோட்டத்தின் கடைசி நிரையில் நின்று பார்த்தால், கொழுந்து முடியும் இடத்திலேயே காடு தொடங்குவது தெரியும். அக்காட்டுக்கு உரியவர் செமாய் மக்கள். தீபகற்பத்தின் ஆதிக்குடிகளாகிய ஒராங் அஸ்லி இனங்களுள் தொகையால் மிகப் பெரியவர் இவரே. பெத்தாய்க் காயும் மூங்கிற்குருத்தும் தேனும் கொண்டுவந்து சாலையோரத்தில் விற்கும் அம்மக்களைத் தோட்டத்தார் நாள்தோறும் காண்கிறார்கள். காண்கிறார்களேயன்றி அறிந்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

வில் பழகும் தோட்டத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்க வேட்டைவில் ஒன்றின் படம் அது. “ஐயா, இதிலே குறி பார்க்க ஒரு முள் வைத்தது நல்லதா, ஐந்து முள் வைத்தது நல்லதா?” என்று கேட்டார். கடைக்காரர்கள் முன்னதைச் ‘சிங்கிள் பின்’ என்றும் பின்னதை ‘மல்ட்டி பின்’ என்றும் சொல்கிறார்களாம். நான் வில்லாளி அல்லேன். பழைய நூல்களைப் படிப்பவன். எனினும் அக்கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, அது அப்படத்திலிருந்த வில்லைவிட மிகப் பழைய கேள்வி என்பதும், அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம் தோட்டத்து எல்லையிலேயே வாழ்கிறார்கள் என்பதும் புலனாயின.

முதலில் கருவியை விளங்கிக்கொள்வோம். நாணைவிட்ட அம்பு நேர்கோட்டிற் செல்வதில்லை. விட்ட கணத்திலிருந்தே நிலம் அதனைக் கீழே இழுக்கிறது. ஆகவே தொலைவு கூடக்கூட வில்லைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதே குறிமுள். பன்முள் கருவியில் ஒரு வளையத்துக்குள் மூன்று, ஐந்து அல்லது ஏழு முட்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேல்முள் 20 கஜத்துக்கு, அடுத்தது 30-க்கு, அதற்கடுத்தது 40-க்கு என்று முன்கூட்டியே எய்து பார்த்து அவற்றை நிறுத்தி வைப்பார்கள். விலங்கு நிற்கும் தொலைவுக்கு உரிய முள்ளை அதன் நெஞ்சின்மேல் பொருத்தி எய்ய வேண்டியதுதான். ஒற்றைமுள் கருவியில் முள் ஒன்றே. அது மேலும் கீழும் நகரும். தொலைவை அறிந்து, சிறு சக்கரத்தைத் திருப்பி முள்ளை அவ்வெண்ணில் நிறுத்திய பிறகே வில்லை வளைப்பார்கள்.

இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் இடர் உண்டு. ஒற்றைமுள்ளில் பார்வை தெளிவானது. வளையத்துக்குள் ஒரே புள்ளி. விலங்கை மறைப்பதற்கு வேறொன்றும் இல்லை. மங்கிய மாலை வெளிச்சத்தில் இது பெரிய உதவி. ஆனால் முள்ளை 20-இல் நிறுத்தி வில்லை வளைத்த பிறகு மான் பத்தடி எடுத்து வைத்து 30-க்குப் போய்விட்டால்? வில்லைத் தளர்த்தி, கையை அசைத்து, சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அந்த அசைவை மான் பார்த்துவிடும். பன்முள்ளில் இத்தொல்லை இல்லை. கண் ஒரு முள்ளிலிருந்து அடுத்த முள்ளுக்கு இறங்கினாற் போதும். அங்கே உள்ள இடர் வேறு. நெஞ்சு படபடக்கும் அந்த நொடியில் இரண்டாவது முள்ளை மூன்றாவது என்று எண்ணிவிடுவது எளிது. ஐந்து புள்ளிகள் சேர்ந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டையும் கூட்டி, இரண்டு மூன்று முட்களைக் கொண்டு மொத்தமாக நகரும் கருவியையும் இப்போது செய்கிறார்கள். வணிகர் எந்தச் சண்டையையும் வீணாக்குவதில்லை.

இது வெறும் கருவிப் பேச்சு என்று வாசகர் நினைக்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு, 20 மீட்டர் தொலைவை அடைவதற்குள் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தாழ்கிறது. 30 மீட்டரை அடையும்போது தாழ்வு 61 சென்டிமீட்டர். 20 மீட்டருக்குக் குறி வைத்த முள்ளைக் கொண்டு 30 மீட்டரில் நிற்கும் விலங்கை எய்தால், அம்பு 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கீழே படும். நடுத்தர மான் ஒன்றின் நெஞ்சறையை வேட்டைக்காரர்கள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமாகக் கொள்வர். வட்டத்தின் நடுவைக் குறித்தவனுக்குக் கிடைக்கும் பிழைவெளி பத்தே சென்டிமீட்டர். எனவே தொலைவைப் பத்து மீட்டர் தவறாக மதித்தவனின் அம்பு நெஞ்சைத் தவறி, முன்காலிலோ வயிற்றடியிலோ பாயும். நொடிக்கு 50 மீட்டர் செல்லும் பழைய மரவில்லானால் அதே பிழைக்கு அம்பு அரை மீட்டருக்கும் மேலாகக் கீழே போகும். துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் அம்பு கொல்வதில்லை. இரத்தம் வடிந்தே விலங்கு சாகிறது. நெஞ்சிற் பட்டால் சில நொடிகளில் விழும். வேறிடத்திற் பட்டால், தைத்த அம்போடு காட்டுக்குள் நடந்துபோய் நாட்கணக்கில் வருந்திச் சாகும். எய்தவனுக்கு இறைச்சியும் இல்லை. முள் ஒன்றா ஐந்தா என்னும் கேள்வியின் பின்னே நிற்பது இந்த விலங்குதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் மேல்நாட்டு வில்லாளர்க்கு நெடுங்கால வழக்கு ஒன்று உண்டு. ரோஜர் ஆஸ்கம் என்னும் ஆங்கில ஆசிரியர், இளவரசி எலிசபெத்துக்குப் பிற்காலத்தில் பாடம் சொன்னவர், 1545-இல் ‘டாக்சோபிலஸ்’ என்னும் வில்நூலை வெளியிட்டார். அம்பைப் பார்ப்பவன் நேராக எய்ய மாட்டான், கண் இலக்கிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முந்நூறு ஆண்டுகள் கழித்து ஹொரேஸ் ஃபோர்டு அதனை மறுத்தார். 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் இங்கிலாந்தின் வில்வித்தை முதலிடத்தைப் பெற்றவர் இவர். நாணைக் காதுவரை இழுக்காமல் கண்ணுக்கு நேர்கீழே தாடையருகில் நிறுத்தி, அம்பின் நுனியையே ஓர் அடையாளத்தின்மேல் பொருத்தி எய்தார். அம்பின் நுனி குறிமுள்ளாக மாறிய கதை இது. அதற்கடுத்த படி எளியது: வில்லின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, அதில் தையற்காரரின் தலைப்பூசியைக் குத்தி வைத்தார்கள். ‘பின்’ என்ற பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

ஆயினும் வேட்டைக்காரர் நெடுங்காலம் இதனை ஏற்கவில்லை. காரணம் எளிது. முழு வலிமையுள்ள மரவில்லை வளைத்தபடி முள்ளைத் தேடிக்கொண்டு நிற்க எவராலும் ஆகாது. இரண்டு மூன்று நொடிகளில் கை நடுங்கும். அந்நிலையை மாற்றியவர் ஹாலஸ் வில்பர் ஆலன் என்னும் அமெரிக்கர். வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய உருளைகளைப் பொருத்தி அவர் 1966-இல் காப்புரிமை கேட்டார். 1969-இல் அது கிடைத்தது. இவ்வுருளை வில்லை முழுதும் வளைத்தபின் கையில் நிற்கும் பாரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. இன்றைய வில்களில் நாற்பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக நிற்பதுண்டு. வளைத்த நிலையில் நின்று பார்க்க நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்ததும் முட்கள் பெருகின. பன்முள் கருவியைப் பெற்றெடுத்தது கண்ணன்று, உருளை.

இப்போது நம் மலைக்குத் திரும்பலாம். 1906-இல் ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் மலாயாப் பழங்குடிகளைப் பற்றி இரு தொகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டனர். அதில் வில் செமாங் மக்களுக்கும், ஊதுகுழல் செமாய் முதலியோருக்கும் சிறப்பாக உரியனவாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. வட பகுதிக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் நஞ்சு தோய்த்த அம்பை எய்தனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டு வளர வளர அவ்வில் வழக்கொழிந்தது. அம்மக்களும் ஊதுகுழலையே ஏற்றனர். உலகின் பல பகுதிகளில் வில் பிற கருவிகளை வென்றிருக்கிறது. இக்காட்டில் அது ஊதுகுழலுக்குத் தோற்றது.

தோற்றதன் காரணத்தை மரங்களிடம் கேட்க வேண்டும். இக்காட்டில் உணவாகக் கிடைப்பவை பெரும்பாலும் தலைக்கு மேலே இருப்பவை: குரங்கு, அணில், பறவை. கீழே புதரும் கொடியும் அடர்ந்திருப்பதால் நாற்பது கஜம் தடையின்றிப் பார்க்கக்கூடிய இடமே அரிது. நீண்ட வில்லைத் தூக்கிக்கொண்டு பிரம்புப் புதருக்குள் நுழைந்தவர்க்கு மற்றவை விளங்கும். குழலோ ஒரு கோல். கொடிகளுக்கிடையே நேராகச் செருகி மேல்நோக்கி நிறுத்தலாம். ஓசையும் மிகக் குறைவு. ஒரு குரங்கு வீழ்ந்தாலும் மற்றவை உடனே கலைவதில்லை.

மலாய் மொழியில் ‘சும்பிட்டான்’ என்றும் செமாய் மொழியில் ‘பெலாவ்’ என்றும் வழங்கும் இக்குழல் வியப்புக்குரிய பொருள். உயர்ந்த மலைமுகடுகளில் வளரும் ஒருவகை மூங்கிலின் கணுவிடை 2 மீட்டரை எட்டும். தாவர நூலார் அதற்கு ‘பாம்பூசா ரேயி’ என்று பெயரிட்டனர். கணுவே இல்லாத அந்த நீண்ட துண்டு உட்குழல் ஆகிறது. அதனைக் காக்க மேலே மற்றொரு மூங்கிலைப் போர்த்துகிறார்கள். அம்பு, பனையினத்து மட்டை நரம்பைச் சீவிய மெல்லிய ஈர்க்கு. அடியில் நெட்டியைப் போன்ற இலேசான கூம்பு. அதன் பின்னால் பஞ்சு போன்ற நார்த்துணுக்கை அடைத்து, வாயால் ஒரே மூச்சில் ஊதுகிறார்கள். நுனியில் ‘ஈப்போ’ மரத்தின் பால் பூசப்பட்டிருக்கும். நம்மவர் பலர் வாழும் ஈப்போ நகரின் பெயர் இந்நச்சு மரத்தின் பெயரே. மரம் வளர்வது தாழ்நிலக் காடுகளில்; மூங்கில் வளர்வது முகட்டில். ஒரு வேட்டைக் கருவிக்கு மலையின் மேலும் கீழும் சேர்ந்தே பொருள் தருகின்றன.

தமிழாசிரியர்களுக்கு ஆர்வம் தரும் செய்தி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலும் சிறு பறவைகளை அடிக்க ஊதுகுழல் வழக்கில் இருந்தது. ‘சுங்குத்தான்’ என்று அதற்குப் பெயர்; மலாய்ச் சொல்லாகிய ‘சும்பிட்டான்’ என்பதன் திரிபே அது என்பர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் தென்னிந்திய ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் ஆகியவை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் மலாயாவுக்கு வருவதற்கு முன்பே மலாயாவின் குழல் நம் நாட்டுக்குப் போய்விட்டது போலும்.

இந்தக் குழலில் குறிமுள் எங்கே? போர்னியோத் தீவுக்குப் போனால் காணலாம். அங்கே குழலைக் கடினமான மரத்தில் துளைத்துச் செய்கிறார்கள். அதன் முனையில் ஈட்டியலகு ஒன்றைப் பிரம்பால் கட்டி, அதற்கு எதிர்ப்புறத்தில் சிறிய இரும்புக் கொக்கியொன்றை வைப்பார்கள். கொக்கிதான் குறிமுள், ஒன்றே ஒன்று, நகராதது. ஈட்டியின் பாரத்தால் குழல் சற்று வளையும் என்பதை எண்ணி, துளையையும் முன்கூட்டியே சற்று வளைத்து இடுவார்கள். அமெரிக்கக் கடைகளில் ஒற்றைமுள் விற்பனைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே டயாக் மக்கள் அதனை அறிந்திருந்தனர். செமாய் மக்களின் மூங்கிற்குழலிலோ அதுவும் கிடையாது. இரு கைகளையும் வாயருகே அணைத்துப் பிடித்து, இரு கண்களையும் திறந்தபடி இலக்கையே நோக்குகிறார்கள். அருகிலுள்ள குழல் இரு கண்ணுக்கும் இரண்டாகத் தோன்றும். இலக்கு அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும். ஆஸ்கம் சொன்னதை அவரை அறியாத மக்கள் செய்கிறார்கள்.

முள் இல்லாமல் எப்படி முடிகிறது? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது நஞ்சு. ஈப்போப் பால் இதயத்தைத் தாக்குவது. விலங்கின் உடலில் எங்கே தைத்தாலும் இரத்தத்தோடு கலந்து வேலை செய்யும். வாய்வழியாகச் சென்றால் அவ்வளவு கேடு செய்யாததால், தைத்த இடத்தைச் சுற்றி அறுத்தெறிந்துவிட்டு இறைச்சியை உண்கிறார்கள். நுனிக்குச் சற்று மேலே ஈர்க்கைச் சுற்றிக் கீறிவைப்பதும் உண்டு. குரங்கு அதைப் பிடுங்கினால் நுனி முறிந்து உடலிலேயே தங்கும். ஆகவே செமாய் வேடனுக்குப் பத்து சென்டிமீட்டர் வட்டக்கணக்கு இல்லை, பட்டாற் போதும். அமெரிக்க வேடனின் அம்பில் நஞ்சு இல்லை. அதனால் அவனுக்கு இடம் தப்பக்கூடாது. அதனால் அவனுக்கு முள் வேண்டும். நஞ்சு போன இடத்தில் முள் வந்தது என்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது காரணம் மேல்நோக்கி எய்வது. மலைச்சரிவில் நிற்பவர்க்கு இது முக்கியம். நிலத்தின் இழுப்பு கிடைத்தொலைவுக்கு ஏற்பவே அம்பின் போக்கை மாற்றும். மரத்தின் உச்சியிலுள்ள இலக்கு நம் கண்ணிலிருந்து சாய்வாக 28 மீட்டர் தொலைவில், 45 பாகைச் சாய்வில் இருந்தால், கிடைத்தொலைவு ஏறத்தாழ 20 மீட்டர்தான். பன்முள் வில்லாளன் தொலைவு 28 என்று எண்ணி 30-க்கு உரிய முள்ளை வைத்தால் அம்பு இலக்குக்கு மேலே போய்விடும். இதற்காகவே இக்காலத்தில் சாய்வையும் சேர்த்தளக்கும் லேசர் கருவிகளை விற்கிறார்கள். சிறுவயது முதல் மேல்நோக்கியே ஊதிப் பழகியவனுக்கு அந்தத் திருத்தம் கழுத்திலும் தோளிலும் இருக்கிறது.

மூன்றாவதே மிக முக்கியமானது. அவன் தொலைவை அளப்பதில்லை, தொலைவைக் குறைத்துக்கொள்கிறான். பழம் பழுத்த மரம் எது, விலங்கு எந்நேரத்தில் வரும், காற்று எப்பக்கம் வீசுகிறது என்பவற்றை அறிந்து மரத்தடிக்கே போய்விடுகிறான். அங்கே நின்றால் தொலைவு அந்த மரத்தின் உயரம். நாளுக்கு நாள் அது மாறுவதில்லை.

இது நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டை ஒன்று வருகிறது. வறண்ட நிலத்தில் நீருண்ண வரும் விலங்கின் அடிச்சுவடு பதிந்த வழியருகே குழியைத் தோண்டி, அதற்குள் ஒளிந்து, நள்ளிரவில் காட்டுப்பன்றியின் வரவை எதிர்பார்த்து வேடர் காத்திருக்கின்றனர். அப்பகுதியை மாணவர்க்குச் சொல்லும்போது பன்றிக் கொம்பின் உவமையையே விரித்துரைத்துவிட்டுப் போகிறோம். குழியின் இடத்தைக் கவனிப்பதில்லை. வழி இங்கே, குழி அங்கே. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை வேடனே வகுத்துவிட்டான். இருளில் அவன் அளக்க வேண்டியதில்லை. பன்றிதான் அந்த அளவுக்குள் வரவேண்டும். இன்று வட அமெரிக்காவில் மரக்கிளையில் பரண் கட்டி, இருபது கஜத்திலுள்ள மான்தடத்தை நோக்கி, ஒற்றைமுள்ளை அசைக்காமல் காத்திருப்பவன் அந்த எயினனின் தோழனே.

பாரதக் கதையில் துரோணர் வைத்த தேர்வும் நினைவுக்கு வருகிறது. மற்றவர்க்கு மரமும் கிளையும் உடன்பிறந்தாரும் தெரிந்தனர். பார்த்தனுக்குப் பறவையின் தலை மட்டுமே தெரிந்தது. ஒருமுக நோக்குக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று வகுப்பில் நாம் சொல்கிறோம். சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: அது தொழிலாளர் செய்து மரத்தில் வைத்த பொய்ப்பறவை. பறந்து போகாது, பத்தடி தள்ளி உட்காராது. தொலைவு மாறாத இடத்தில் ஒரு குறி போதும். ஒலிம்பிக் வில்போட்டியும் அத்தகையதே. 1992 முதல் அங்கே இலக்கு 70 மீட்டரில் நிற்கிறது, குறியை ஒருமுறை சரிசெய்தால் நாள் முழுதும் அதுவே.

வல்வில் ஓரியின் கதை வேறு வகை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வரிசையாக ஊடுருவியது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். அது கொடைவள்ளலைப் புகழ்ந்த பாட்டு. அதில் வேட்டைக் கணக்குப் பார்ப்பது புலவர்க்கு நாம் செய்யும் அநீதி. ஆனாலும் ஐந்து விலங்குக்கு ஐந்து முள் வேண்டும் என்று சொல்லாமல் ஓர் அம்பே போதும் என்றாரே, அதுவரை நமக்கு நல்லது!

பலமுள் எங்கே தேவைப்படுகிறது? மறைவிடமற்ற திறந்தவெளியில், நெருங்க முடியாத விலங்கை எய்ய வேண்டிய இடத்தில். அமெரிக்க மேற்குப் புல்வெளிகள் அத்தகையவை. ஆனால் அந்நாட்டிலேயே வேறொரு பாடமும் இருந்தது. 1911-இல் கலிபோர்னியாவில், தன் யாஹி இனத்தார் எல்லாரும் அழிந்தபின் தனியனாக வெளிப்பட்ட ‘இஷி’ என்பவர் சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்து 1916-இல் காலமானார். சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் வில் பழகி, 1923-இல் ஒரு நூல் எழுதினார். இஷியின் வில்லில் முள் இல்லை. ஒளிந்திருந்து, முயல் எழுப்பும் ஒலியைப் போல ஒலியெழுப்பி, விலங்கைத் தன்னருகே வரவழைத்தார். அமெரிக்க வேட்டைவில் இயக்கத்தின் வேர்களில் ஒன்று அவரிடமிருந்து வந்தது. அவருடைய மாணவரின் மாணவர்கள் ஐந்து முள்ளும் லேசரும் வாங்கினார்கள். அருகே வரவழைக்கும் ஒலியைக் கற்றவர் எத்தனை பேர்?

முட்களைப் பழிப்பது என் நோக்கமன்று. தொலைவை இருபத்தைந்து என்று சரியாக மதித்து, இரண்டாம் முள்ளுக்கும் முதல் முள்ளுக்கும் இடையில் இலக்கை வைத்து எய்யக்கூடிய நல்ல வில்லாளனுக்குப் பன்முள் உண்மையான துணை. அவன் ஒரு விலங்கின் வேதனையைக் குறைக்கிறான். ஆனால் ஐந்தாவது முள் 60 கஜத்தில் இருக்கிறது என்பதற்காகவே அறுபது கஜத்தில் எய்கிறவனும் உண்டு. நொடிக்கு 85 மீட்டர் செல்லும் அம்புக்கும் அத்தொலைவைக் கடக்க அரை நொடிக்கு மேல் வேண்டும். அதற்குள் மான் ஓரடி நகர்ந்துவிடும். எந்த முள்ளும் அந்த ஓரடியைக் காட்டாது. இந்தக் காரணத்தால், புதிதாகப் பழகுவோர்க்கு ஒற்றைமுள்ளே நல்லது என்பது என் முடிவு. அது இருபதில் நின்றுவிட்டால், எய்பவனின் கால்களும் இருபதுக்குள் போயாக வேண்டியிருக்கும்.

தேயிலைக்காட்டில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிப்பவர்கள் செடியின் மேல்மட்டம் பார்க்க ஒரு கம்பைக் குறுக்கே வைத்துப் பறிப்பதுண்டு. கை நன்கு பழகிய பெண்கள் கம்பை ஒருபுறம் சாய்த்து வைத்துவிட்டே பறிப்பார்கள், மட்டம் பிசகாது. கங்காணி வரும்போது மட்டும் கம்பு கைக்கு வரும்.

செமாய் மக்களிடம் வேட்டையோடு சேர்ந்த வேறு நெறிகளும் உண்டு. விலங்கைக் கேலி செய்வதும் சிறு உயிரை வைத்து விளையாடிச் சிரிப்பதும் பெருங்குற்றம். இடியும் புயலும் வந்து ஊரை அழிக்கும் என்று குழந்தைகளை அச்சுறுத்துவர். பெரிய விலங்கு கிடைத்தால் குடியிருப்பு முழுவதற்கும் பங்கு. ராபர்ட் டென்டன் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1968-இல் இம்மக்களைப் பற்றி எழுதிய நூலுக்கு, வன்முறையற்ற மக்கள் என்பதையே தலைப்பின் பகுதியாக வைத்தார். நச்சம்பு ஏந்தும் ஓரினத்துக்கு இப்பெயர் கிடைத்தது கருதத்தக்கது.

1954-இல் இயற்றப்பட்ட பழங்குடிமக்கள் சட்டமும், 2010-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவர்கள் வாழ்வோடு தொடர்புடையவை. பின்னதன்படி, குறித்த சில உயிரினங்களைத் தம் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் ஒராங் அஸ்லி மக்கள் வேட்டையாடலாம். மற்றவர்க்கு அவ்விலக்கு இல்லை. ஆகவே படத்தைக் காட்டிய இளைஞர் இம்மலையில் மானை நோக்கி எந்த முள்ளையும் வைக்க இயலாது. அதனை அவரும் அறிவார். வைக்கோற்பலகையை எய்யவே பழகுகிறார்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் எழுதி அனுப்பிய விடை இதுதான்: ஒரு முள் வாங்குக, அதனை இருபது மீட்டரில் நிறுத்துக, பலகையை ஒருநாள் பதினைந்திலும் மறுநாள் முப்பதிலும் வைத்து, முள்ளைத் தொடாமல், அம்பு எங்கே படுகிறது என்று ஏட்டில் எழுதுக, ஆறு மாதம் கழித்து வேறு முள் வேண்டுமா என்று எழுதுக.

பதில் வந்தது. இரண்டாவது வாரமே அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மேல்நிரைக்குப் போயிருக்கிறார். அங்கே காட்டோரக் குடியிருப்பிலிருந்து வந்த செமாய்ப் பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்தாராம். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போய், அளவு எதுவும் சொல்லாமல், ஒரு மரத்தின் கவட்டில் உயரே சாய்த்து வைத்துவிட்டு, எய்யும்படி கைகாட்டினாராம். முதல் மூன்று அம்புகளும் பலகைக்கு மேலே போய்க் காட்டுக்குள் விழுந்தன என்று இளைஞர் எழுதியிருக்கிறார். அவற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அந்தப் பெரியவர்தானாம்.